திருகோணமலைச் சிறு வணிகர்களும் கணினிப் பராமரிப்புச் செலவும்

மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. தனியான தகவல் தொழில்நுட்பப் பிரிவுகளை வைத்திருக்கும் பெரு நிறுவனங்களுக்கு இது முன்கூட்டியே திட்டமிடக்கூடிய ஒரு விடயம். திருகோணமலைத் துறைமுக நகரின் கடைவீதிகளில் நிலைமை வேறு. மத்திய வீதியில் மொத்த வியாபாரம் செய்பவர் முதல் உப்புவெளியில் பத்து அறைகளுடன் விடுதி நடத்துபவர் வரை, விலைச்சிட்டை அச்சிடுவதற்கும் இருப்பைச் சரிபார்ப்பதற்கும் முன்பதிவுகளைக் கவனிப்பதற்கும் ஒருசில பழைய கணினிகளையே நம்பியிருக்கும் வணிகர்கள் இங்கு பலர். அக்கணினிகள் பழுதடைந்தால் யாரை அழைப்பது, அவருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் ஆயத்தமான பதில் இருப்பதில்லை.

கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஊழியர் சம்பளம், கணக்காளருக்கான கொடுப்பனவு ஆகியவற்றை மாதந்தோறும் எழுதிவைக்கும் வணிகர், கணினிக்கான செலவை மட்டும் எதிர்பாராத விபத்தாகவே கருதிவருகின்றார். பழுது ஏற்படாத மாதத்தில் அச்செலவு பூச்சியம். பழுது ஏற்பட்ட மாதத்தில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு மனம் நோவது வழக்கம். இவ்வழக்கத்தால் வணிகருக்கும் நன்மையில்லை, அவருக்குச் சேவை செய்யும் உள்ளூர் இளைஞருக்கும் நன்மையில்லை. கணினிப் பராமரிப்பை வெளியாரிடம் ஒப்படைக்கும் ஒரு சிறு வணிகர் உண்மையில் எவ்வளவு செலுத்த நேரும், அத்தொகை எவ்வாறு உருவாகின்றது, அதில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேருகின்றது என்பனவற்றை ஆராய்ந்து பார்ப்பது இன்று அவசியமாகின்றது.

இது சிறியதொரு பிரிவினரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின்படி இந்நாட்டில் விவசாயம் சாராத நிறுவனங்களின் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவற்றுள் 90 சதவீதத்துக்கும் அதிகமானவை ஒருசில ஊழியர்களைக் கொண்ட நுண் நிறுவனங்களே. அதன் பின்னரான ஆண்டுகளில் அரசின் போக்கு முழுவதும் இணையவழியை நோக்கியதாகவே இருந்துவருகின்றது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ரமிஸ் முறைமை, வங்கிகளின் லங்கா கியூஆர் கொடுப்பனவு முறை, அரச கட்டணங்களைச் செலுத்துவதற்கென 2025 பெப்ரவரியில் தொடங்கப்பட்ட கவ்பே ஆகிய அனைத்தும் வணிகரின் மேசையில் இயங்கும் கணினியோ கைபேசியோ இருப்பதாக எடுத்துக்கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. கணினியை வாங்கும்படி வற்புறுத்துவோர் பலர். அதனைப் பராமரிக்கும் செலவைப் பற்றிப் பேசுவோர்தான் அரிது.

திருகோணமலையின் அமைப்பு இப்பிரச்சினைக்கு ஒரு தனி முகத்தைக் கொடுக்கின்றது. 1957இல் பிரித்தானியக் கடற்படையிடமிருந்து கைமாறிய துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்து ஆலை, சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் என்பன அமைந்துள்ளன. அத்தகைய பெரு நிறுவனங்களின் கணினிகளுக்கு அவற்றின் தலைமையகங்கள் பொறுப்பு. ஆனால் அவற்றைச் சார்ந்து வாழும் லொறி உரிமையாளர்கள், சுங்க முகவர்கள், உதிரிப்பாகக் கடைகள், மீன் வியாபாரிகள், மருந்தகங்கள், அச்சகங்கள், நிலாவெளிக் கரையோர விடுதிகள் ஆகியோருக்கு அவ்வாறான பின்பலம் எதுவுமில்லை. கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. அங்கிருந்து ஒரு தொழில்நுட்பவியலாளர் வந்து திரும்புவதற்குப் பயணத்தில் மட்டும் ஒரு நாளுக்கு மேல் கழிந்துவிடும். தங்குமிடமும் பயணச் செலவும் இறுதியில் வணிகரின் விலைச்சிட்டையிலேயே வந்து நிற்கும்.

மொழியும் ஒரு தடைதான். தொலைபேசியில் உதவி கேட்கும் மூதூர்க் கடைக்காரருக்குத் தமிழில் பதில் சொல்லக்கூடியவர் மறுமுனையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்டு, ஒருங்குறிக்கு மாற்றப்படாமல் கிடக்கும் கோவைகளின் சிக்கலை விளங்கிக்கொள்ளக்கூடியவராகவும் அவர் இருக்க வேண்டும். ஆகவே இம்மாவட்டத்துக்குத் தேவையானது அருகிலேயே கிடைக்கும் சேவை. அதற்குரிய விலையைப் பற்றியே நாம் பேச வேண்டியிருக்கின்றது.

வெளியாரிடமிருந்து பெறும் கணினிச் சேவைக்குப் பொதுவாக மூன்று விதமாக விலை பேசப்படுகின்றது. முதலாவது, பழுது ஏற்படும்போது அழைத்து, அந்த வருகைக்கு மட்டும் பணம் கொடுப்பது. இரண்டாவது, குறிப்பிட்ட எண்ணிக்கையான மணித்தியாலங்களை முற்பணம் கொடுத்து வாங்கிவைத்துத் தேவைக்கேற்பப் பயன்படுத்துவது. மூன்றாவது, கணினியொன்றுக்கு அல்லது ஊழியர் ஒருவருக்கு இவ்வளவு எனத் தீர்மானித்து மாதாந்தம் அல்லது வருடாந்தம் செலுத்தும் பராமரிப்பு ஒப்பந்தம். முதலாவது முறையில் பழுது அதிகரிக்க அதிகரிக்கத் தொழில்நுட்பவியலாளருக்கு வருமானம் கூடுகின்றது. மூன்றாவது முறையில் பழுது குறையக் குறைய அவருக்கு வேலை மிச்சமாகின்றது. எனவே வணிகரின் நலனும் தொழில்நுட்பவியலாளரின் நலனும் ஒரே திசையில் இருப்பது மூன்றாவது முறையில் மட்டுமே.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் வெளிநாட்டு விலைகள் நமது வணிகருக்கு வழிகாட்ட மாட்டா. அமெரிக்காவில் இத்தகைய முழுமையான பராமரிப்புக்கு ஊழியர் ஒருவருக்கு மாதம் 100 டொலருக்கு மேல் அறவிடுவது சாதாரணம். ஐந்து பேர் பணிபுரியும் கடைக்கு அது 500 டொலர். டொலரொன்றை 300 ரூபாவாகக் கொண்டால் ஒன்றரை இலட்சம் ரூபா. அவ்விலையில் பெரும்பகுதி அந்நாட்டுத் தொழில்நுட்பவியலாளரின் சம்பளமாகும். இங்கே சம்பளம் ரூபாவில் அமைகின்றது. மென்பொருள் உரிமமோ டொலரில் அமைகின்றது. ஆகவே நமது கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

உதாரணத்துக்கு, ஐந்து கணினிகளுடன் இயங்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அக்கடைக்குச் சேவை வழங்கும் உள்ளூர் நிறுவனம் தனது தொழில்நுட்பவியலாளருக்கு மாதம் 80,000 ரூபா சம்பளம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநரின் பங்காக 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் சேர்ந்தால் அச்செலவு 92,000 ரூபா ஆகின்றது. மாதத்தில் 22 நாட்கள், நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்கள் எனக் கொண்டால் 176 மணித்தியாலங்கள் கிடைக்கும். பயணத்திலும் காத்திருப்பிலும் உதிரிப்பாகம் தேடுவதிலும் கழியும் நேரத்தை நீக்கினால், வாடிக்கையாளருக்கு விற்கக்கூடியதாக ஏறக்குறைய 90 மணித்தியாலங்களே எஞ்சும். அதன்படி ஒரு மணித்தியாலத்துக்கான அடக்கவிலை சற்றேறக்குறைய 1,000 ரூபா. கடை வாடகை, மோட்டார் சைக்கிள், எரிபொருள், தொலைபேசி, கருவிகள், நிறுவனத்தின் இலாபம் ஆகியவற்றுக்காக அதே அளவு தொகையைச் சேர்த்தால் 2,000 ரூபா. ஐந்து கணினிகளுக்கு மாதம் நான்கு மணித்தியாலங்கள் போதுமானவை எனக் கொண்டால், மனித உழைப்புக்கான கட்டணம் மாதம் 8,000 ரூபாவாகும்.

சேவை வழங்கும் நிறுவனம் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யப்பட்டதாயின் 18 சதவீதம் சேர்ந்து அத்தொகை 9,440 ரூபாவாக உயரும். அடுத்ததாக உரிமங்கள். மின்னஞ்சலையும் அலுவலக மென்பொருளையும் மாதச் சந்தாவாகப் பெறும்போது, ஊழியர் ஒருவருக்கு 6 டொலர் எனக் கொண்டால் ஐவருக்கு 30 டொலர், அதாவது 9,000 ரூபா. மூன்றாவதாக, கணினிகளுக்கு ஆயுள் உண்டு. ஒரு கணினியின் விலை ஒன்றரை இலட்சம் ரூபா என்றும் அது ஐந்தாண்டுகள் உழைக்கும் என்றும் கொண்டால், மாற்றீட்டுக்காக மாதந்தோறும் ஒதுக்க வேண்டியது கணினியொன்றுக்கு 2,500 ரூபா. ஐந்துக்கும் 12,500 ரூபா. இம்மூன்றையும் கூட்டினால் மாதச் செலவு 30,940 ரூபாவாகின்றது.

இத்தொகையைப் பார்த்துத் திகைப்போர், 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டுள்ளதை நினைவிற் கொள்ள வேண்டும். சேமலாப நிதிப் பங்களிப்புகளுடன் அது 34,500 ரூபா. எனவே ஐந்து கணினிகளும் சேர்ந்து, மிகக் குறைந்த சம்பளம் பெறும் இன்னோர் ஊழியருக்கு ஒப்பான செலவை ஏற்படுத்துகின்றன எனலாம். விலைச்சிட்டை எழுதி, இருப்பைக் கணக்கிட்டு, வரிக்குரிய விபரங்களைத் தொகுத்து வைக்கும் ஊழியருக்கு அச்சம்பளம் அதிகமா என்பதை வணிகரே தீர்மானிக்கட்டும். தமது கடையில் உள்ள கணினிகளின் எண்ணிக்கையையும் தாம் அறிந்த சம்பள அளவையும் இக்கணக்கில் இட்டுப் பார்த்தால், தமக்குரிய தொகையை எவரும் கண்டுகொள்ளலாம்.

இக்கணக்கில் மிகவும் கவனிக்கத்தக்கது வேறொன்று. ஏறத்தாழ 31,000 ரூபாவில் உள்ளூர்த் தொழில்நுட்பவியலாளரின் உழைப்புக்காகச் செல்வது 8,000 ரூபா மட்டுமே, கால்வாசியளவுதான். மீதியெல்லாம் இறக்குமதியான இயந்திரத்துக்கும் வெளிநாட்டு மென்பொருளுக்கும் வரிக்கும் போகின்றது. ஆயினும் நமது வணிகர் பேரம் பேசுவது அந்த 8,000 ரூபாவில்தான். மைக்ரோசொப்ட்டிடம் பேரம் பேச இயலாது. இறைவரித் திணைக்களத்திடமும் இயலாது. அயலில் வசிக்கும் இளைஞரிடம் மட்டுமே அது இயலுமாகின்றது. அவர் தனது கூலியைக் குறைத்துக்கொள்ளும்போது தனது வருகையையும் குறைத்துக்கொள்கின்றார். அதன் விளைவு உடனே தெரிவதில்லை.

டொலரின் பங்கு எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் சிறு வணிகங்களுக்கான தனது அடிப்படைச் சந்தாவை 5 டொலரிலிருந்து 6 டொலராக உயர்த்தியது. அதே மாதம் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைத் தளர்த்தியது. அதுவரை 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஐந்து ஊழியர்களுக்கு மாதம் 5,000 ரூபாவாக இருந்த சந்தா, இரண்டு மாதங்களுக்குள் 10,800 ரூபாவாகியது. கடையின் விற்பனையோ அதே காலத்தில் வீழ்ச்சியடைந்திருந்தது. நாணயமாற்று விகிதம் ஓரளவு தணிந்துவிட்ட போதிலும், டொலரில் அமைந்த எச்செலவும் இவ்வாறு திடீரென இரட்டிக்கக்கூடும் என்ற பாடத்தை மறந்துவிடலாகாது. விண்டோஸ் 10 கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் வணிக நிறுவனங்களிடம் முதலாண்டு நீடிப்புக்காகக் கணினியொன்றுக்கு 61 டொலர் கோரப்படுகின்றது. அத்தொகை ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும். ஐந்து கணினிகளுக்கு முதலாண்டில் மட்டும் 91,500 ரூபா. அதனைச் செலுத்துவதா, புதிய கணினிகளை வாங்குவதா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போன்ற மாற்று இயங்குதளத்துக்கு மாறுவதா என்பதை ஆலோசித்துச் சொல்வதற்கும் விபரமறிந்த ஒருவர் தேவை.

வரியின் தாக்கமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2022 ஜூனுக்கு முன்னர் 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக உயர்ந்து 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகியது. 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் அறிமுகமாகியது. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்துகொண்ட பெரிய வணிகர் தாம் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியும். பதிவு எல்லைக்குக் கீழே இருக்கும் சிறு கடைக்காரருக்கு அவ்வசதி கிடையாது. அவருக்கு அந்த 18 சதவீதமும் முழுச் செலவே. ஆகவே விலை கேட்கும்போது வரி உள்ளடங்கியதா, புறம்பானதா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அரசாங்கமே உதாரணமாக அமைந்தது. லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என அழைக்கப்படும் அரச கணினிச் சேவை, 2023 ஓகஸ்ட் மாதத்தில் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இல்லாமையால் அவை மீளக் கிடைக்கவில்லை. மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தப்பட்ட 2013ஆம் ஆண்டு மென்பொருள் பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவடைந்திருந்தது. நிதிப் பற்றாக்குறை காரணமாக அதனைப் புதுப்பிக்கும் பணி தாமதமானதாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் விளக்கமளித்தது. அமைச்சுகளும் நிபுணர்களும் சூழ்ந்திருந்த இடத்திலேயே இந்நிலை என்றால், மேசைக்குக் கீழே தூசிபடிந்து கிடக்கும் ஒரு கடைக் கணினியின் கதி என்ன?

திருகோணமலைக்கு இதைவிடவும் அண்மித்த அபாயங்கள் உண்டு. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கரையோரக் கடைகளின் கொள்முதற் பொருட்களுடன் கணக்குப் புத்தகங்களையும் கொண்டுசென்றது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்த மின்வெட்டும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. கடனுக்குப் பொருள் வாங்கியவர்களின் பட்டியல் ஒரேயொரு வன்தட்டில் மட்டும் இருந்து, அவ்வன்தட்டு நீரில் மூழ்கினால், அந்த வணிகர் இழப்பது கணினியை மாத்திரமல்ல, வரவேண்டிய பணத்தையும்தான். கிழக்குக் கரையின் உல்லாசப் பயணப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரையிலான சில மாதங்களே. அக்காலத்தில் மூன்று நாட்கள் முன்பதிவுகளைப் பார்க்க முடியாமற் போகும் விடுதிக்கு ஏற்படும் நட்டம், முழு வருடத்துக்குமான பராமரிப்புக் கட்டணத்தை மிஞ்சிவிடக்கூடும். மாரி தொடங்குமுன் வள்ளத்தைக் கரையேற்றிப் பொருத்துகளை அடைத்துச் சீர்செய்வதைக் கடற்றொழிலாளர்கள் வீண்செலவாகக் கருதுவதில்லை. கடைக் கணினிக்கும் அதே நியாயம் பொருந்தும்.

விலையைப் போலவே முக்கியமானது ஒப்பந்தத்தில் எழுதப்படும் விடயம். குறைந்த மாதக் கட்டணத்தைக் கூறிவிட்டு, உதிரிப்பாகம், பயணம், ஞாயிறு மற்றும் இரவு நேர வருகை, அழிந்த தரவை மீட்டெடுத்தல், புதிய ஊழியருக்கான கணினியை ஆயத்தப்படுத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அறவிடும் வழக்கமும் இத்தொழிலில் உண்டு. அழைப்புக் கிடைத்து எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவார், காப்புப் பிரதி எங்கே வைக்கப்படும், மாதத்துக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து சோதித்துக் காட்டுவாரா என்பன எழுத்தில் இருக்க வேண்டும். கடவுச்சொற்களும் இணையப் பெயரும் மென்பொருள் உரிமங்களும் வணிகரின் பெயரிலேயே பதிவாகியிருப்பது மிகவும் அவசியம். அவற்றைத் தொழில்நுட்பவியலாளரின் பெயரில் விட்டுவைத்தவர், நாளை அவர் வெளிநாடு சென்றுவிட்டால் தனது கடைத் திறப்பைத் தொலைத்தவராகின்றார்.

சட்டமும் அதே திசையிலேயே செல்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரது தகவல்களை வைத்திருப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பிற்போடப்பட்டன. பிற்போடப்பட்டதால் பொறுப்பு இல்லாமற் போய்விடாது. நோயாளியின் மருந்துச்சீட்டு விபரத்தை வைத்திருக்கும் மருந்தகமும், பயணியின் கடவுச்சீட்டுப் பிரதியை வைத்திருக்கும் விடுதியும் அவ்விபரங்களை யாரிடம் எந்த நிபந்தனையில் கையளிக்கின்றன என்பதை இப்போதே ஒழுங்குபடுத்திக்கொள்வது விவேகமாகும்.

இவையெல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது என்று வணிகர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், அதனைத் தொடர்ந்த கொவிட் முடக்கம், 2022 பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து வந்த அடிகளால் கடனாளியானவர்கள் இம்மாவட்டத்திலும் இருக்கின்றார்கள். முழுச் செலவையும் இன்றே ஏற்க இயலாதவர் வரிசைப்படி தொடங்கலாம். முதலில் காப்புப் பிரதி: ஒரு வெளி வன்தட்டில் வாரமொரு முறை பிரதியெடுத்து, அதனைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைப்பது. அடுத்து, வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் திறக்கப்படும் கணினியையாவது புதுப்பிக்கப்பட்ட நிலையில் வைத்திருப்பது. அதன் பின்னர் ஏனையவை. கட்டணமில்லாமற் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போன்ற மென்பொருட்களால் உரிமச் செலவைக் குறைத்துக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் திருட்டுப் பிரதிகளை நிறுவிச் செலவைக் குறைப்பது குறைப்பாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, உளவு மென்பொருட்கள் நுழைவதற்கான இலகுவான வாசலும் அதுவே.

மறுபுறத்தில் இச்சேவையை வழங்க வேண்டிய இளைஞர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்தும் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்தும் கணினி கற்று வெளியேறும் பிள்ளைகள் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ செல்வதையே வழியாகக் கருதுகின்றார்கள். நாம் மேலே போட்ட கணக்கின்படி, மாதம் நான்கு மணித்தியாலங்கள் வீதம் 22 கடைகள் ஒழுங்காகக் கட்டணம் செலுத்தினால், 80,000 ரூபா சம்பளத்தில் ஒருவருக்கு இங்கேயே நிலையான தொழில் கிடைத்துவிடும். உட்துறைமுக வீதி, வடகரை வீதி, பிரதான வீதி ஆகியவற்றிலும் கிண்ணியா, மூதூர் பஜார்களிலும் அவ்வளவு கடைகளைக் கண்டுபிடிப்பது கடினமா? கடைகள் இருக்கின்றன, கற்றவர்களும் இருக்கின்றார்கள். இருசாராரையும் இணைக்கும் ஒழுங்குதான் இல்லை.

அந்த ஒழுங்கை ஏற்படுத்துவதில் வர்த்தகச் சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஒரே வீதியிலுள்ள பன்னிரண்டு கடைகள் கூட்டாக ஒருவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டால், அவரது பயண நேரம் பெருமளவு குறையும். 90ஆக இருந்த பயனுள்ள மணித்தியாலங்கள் 120ஆக உயர்ந்தால், 2,000 ரூபாவாக இருந்த மணித்தியாலக் கட்டணம் 1,500 ரூபாவை நெருங்கும். எவரது சம்பளமும் குறைய வேண்டியதில்லை. தனியாக ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துவது, கணினிகள் ஐம்பதைத் தாண்டும்போதுதான் கட்டுப்படியாகும். சிறு கடைகள் எட்ட முடியாத அந்த எண்ணிக்கையைக் கூட்டாகச் சேர்ந்தால் எட்டிவிடலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து, நியாயமான கட்டண வரம்பொன்றை ஆண்டுதோறும் வெளியிடுவது இச்சங்கங்களால் செய்யக்கூடிய காரியமே. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே கடை வைத்திருக்கும் இந்நகரில் அது பொதுவானதொரு முயற்சியாகவும் அமையும்.

அரசின் கடமையும் கணினியை வழங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. கிராமப்புறங்களில் இணைய வசதியை ஏற்படுத்தவெனத் தொடங்கப்பட்ட நெனசல அறிவகத் திட்டம் 2014இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் விருதையும் பெற்றது. ஆயினும் அந்நிலையங்கள் பல காலப்போக்கில் செயலிழந்து போயின. திறப்பு விழாவுக்கு நிதி கிடைப்பதைப் போலப் பராமரிப்புக்கு நிதி கிடைப்பதில்லை என்பது இந்நாட்டின் பழைய நோய். சிங்கப்பூர் அரசு 2018 முதல் நடைமுறைப்படுத்திவரும் மானியத் திட்டமொன்றின் கீழ், அங்கீகரிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பத் தீர்வுகளைப் பெற்றுக்கொள்ளும் சிறு நிறுவனங்களுக்குச் செலவின் அரைவாசி வரை மீளக் கிடைக்கின்றது. அந்த அளவுக்குச் செல்ல நமது திறைசேரியால் இயலாதிருக்கலாம். ஆனால் உள்ளூர் நிறுவனமொன்றுடன் எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ளும் சிறு வணிகருக்கு முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை வழங்குவது, வளாக மாணவர்களின் தொழிற்பயிற்சிக் காலத்தை இக்கடைகளுடன் இணைப்பது போன்றவை பெருந்தொகை தேவைப்படாத காரியங்களாகும். இணையவழி வரியறவீட்டால் பயன்பெறுவது அரசே. அதற்கான கருவியைப் பேணும் சுமையில் ஒரு சிறு பங்கையேனும் அது ஏற்றுக்கொள்வதுதான் முறை.

அடுத்த உல்லாசப் பயணப் பருவத்துக்கு முன்னர் இம்மாவட்டத்தின் வணிகர்கள் தமது கணக்குப் புத்தகத்தில் கணினிப் பராமரிப்புக்கென ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வரியில் எழுதும் தொகை சிறிதாகவே இருக்கட்டும்; ஆனால் மாதந்தோறும் எழுதப்படட்டும். பேரம் பேச வேண்டிய இடத்தில், அதாவது தேவையற்ற உரிமங்களிலும் தெளிவற்ற ஒப்பந்தங்களிலும், தாராளமாகப் பேரம் பேசலாம். அயலிலுள்ள பிள்ளையின் உழைப்பில் ஆயிரம் ரூபாவைக் குறைத்து மகிழ்பவர், அந்தப் பிள்ளையும் ஊரைவிட்டுப் போன பின்னர் 260 கிலோமீற்றர் தொலைவிலிருந்து ஒருவரை அழைக்க நேரும் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.